கசடு செரிக்கும் தொட்டிக்குக் கலக்கி எதற்கு?

கேள்வி: கழிவுநீர் நிலையங்களில் கசடைச் செரிக்க வைக்கும் மூடிய தொட்டிக்குக் கலக்கி அவசியமா? எந்த வகை நல்லது?

பதில்: கலக்காமல் விட்ட தொட்டியில் மணல் அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கும் முடியும் மேலே ஏடாக இறுகும். நடுவில் இடம் குறுகுவதால், புதிதாக வந்த கசடு செரிக்காமலே வெளியேறிவிடும். செரிப்புக்குத் தேவையான 35 டிகிரி செல்சியஸ் சூடும் சீராகப் பரவாது.

வழிகள் மூன்று: சுழலும் இறக்கை, பம்பு வைத்துப் பீய்ச்சுதல், தொட்டியின் வாயுவையே அழுத்தி அடியில் விடுதல். இறக்கைக்கு மின்செலவு குறைவு. ஆனால் முடியும் கந்தல் இழையும் கயிறாகத் திரிந்து அதில் சுற்றிக்கொள்ளும். சமநிலை கெட்டுத் தண்டு அதிரும். பம்பு வெளியே இருப்பதால் பழுதுபார்ப்பது எளிது. வாயு முறையில் நுரைத் தொல்லை உண்டு.

கலக்கத் தேவையான திறன் தொட்டியின் கன மீட்டருக்கு 5 முதல் 8 வாட் என்பது பாடநூல் கணக்கு. அதை மட்டும் நம்பக் கூடாது. கசடில் திடப்பொருள் கூடக் கூட அது கூழாகும். இறக்கையை ஒட்டிய பகுதி மட்டும் சுழல, ஓரம் அசையாமல் நிற்கும். வேகத்தை அளவுமீறிக் கூட்டினாலோ, ஒட்டி வாழும் அமில, மீத்தேன் நுண்ணுயிர்க் கூட்டங்கள் சிதறி வாயு குறையலாம். ஓடும் தொட்டியில் லித்தியம் உப்பைக் கலந்து, வெளிவரும் கசடில் நாள்தோறும் அதை அளந்தால், எவ்வளவு இடம் தேங்கிக் கிடக்கிறது என்பது தெரிந்துவிடும்.