அன்னாசிச் சாறு போதும், ஆய்வைத் தொடங்கலாம்

உயிரித் தொழில்நுட்ப ஆய்வுப் போட்டியில் பிள்ளையைச் சேர்க்கலாமே என்றால், ஜொகூரின் தம்போய்ப் பெற்றோரிடமிருந்து பெரும்பாலும் வரும் பதில்: "அதெல்லாம் விடுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மரபணுவை மாற்றுகிற இயந்திரம் நம்ம பள்ளியில் ஏது?" இந்த நம்பிக்கையால் ஆர்வமுள்ள பிள்ளைகள் தொடங்கும் முன்பே ஒதுங்கிவிடுகிறார்கள்.

மரபணு மாற்றம் இந்தத் துறையின் ஒரு பகுதி மட்டுமே. தோசை மாவைப் புளிக்க வைப்பது லூக்கோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள். சோயா அவரையைத் தெம்பேயாக்குவது ரைசோபஸ் என்ற பூஞ்சை. இவையும் உயிரித் தொழில்நுட்பம்தான். நம் ஊர் அன்னாசியிலும் இதற்கு இடமுண்டு. ஜொகூர் மலேசியாவின் முதன்மை அன்னாசி மாநிலம். பொந்தியான் பக்கத்தில் பெக்கான் நானாஸ் என்று ஊருக்கே அந்தப் பெயர். பழத்தை வெட்டியதும் நாம் வீசும் தோலிலும் நடுத்தண்டிலும் புரோமெலைன் இருக்கிறது. புரதத்தை உடைக்கும் நொதி அது.

இதை வைத்து ஒரு படிவம் நான்கு மாணவி என்ன செய்ய முடியும்? தண்டைப் பிழிந்த சாற்றைப் பாலில் விட்டால் பால் திரியும். புரோமெலைனின் வேலை என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அன்னாசிச் சாறு புளிப்பு. நொதி இல்லாமல் புளிப்பு மட்டும் இருந்தாலும் பால் திரியும். அப்படியானால் திரித்தது எது? அதே சாற்றில் பாதியைக் கொதிக்க வைத்து ஆற விட வேண்டும். கொதித்த சாற்றில் புளிப்பு இருக்கும், நொதி செயலிழந்திருக்கும். இரண்டையும் ஒரே அளவு பாலில், ஒரே வெப்பநிலையில் விட்டு, திரிய ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒருமுறை போதாது, மூன்று நான்கு முறை. தேவைப்படுவது வெப்பமானி, கடிகாரம், அளவுக் குவளை. நடுவர்கள் தேடுவது இந்தக் கொதித்த சாற்றைத்தான். அதைப் பற்றித் தானாக யோசித்த பிள்ளைக்கு ஆய்வு என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. ஊகம் பொய்த்துப் போனாலும் கவலையில்லை. ஏன் பொய்த்தது என்று சொல்லத் தெரிந்தால் அதுவும் முடிவுதான்.

இயந்திரம் இல்லாமல் முடியாது என்பதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு. எளிய ஆய்வுதானே, கதவுக் கைப்பிடியில் பஞ்சைத் தேய்த்து, அகார் தட்டில் தடவி, வீட்டிலேயே பாக்டீரியா வளர்க்கலாம் என்பது. கூடவே கூடாது. பள்ளி மாணவர்களுக்கான உலகின் பெரிய அறிவியல் போட்டியான ரீஜெனரான் ஐசெஃப், ஆபத்துக் குறைந்த முதல் நிலை நுண்ணுயிரைக்கூட வீட்டில் வளர்ப்பதற்குத் தடை விதித்திருக்கிறது. காரணம் எளிது: தட்டில் வளர்வது எதுவென்று வளர்ந்த பிறகும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்த நோய்க்கிருமி ஓரிரு நாளில் கோடிக்கணக்காகப் பெருகலாம்; தட்டைத் திறந்தால் அது தம்பி தங்கை உலவும் அறையில் பரவும். மாதிரியை வெளியே சேகரிக்கலாம், ஆனால் உடனே உரிய ஆய்வகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். வேலை முடிந்த தட்டுகளில் உள்ள நுண்ணுயிர்களை 121 டிகிரி நீராவி போன்ற முறையில் கொன்ற பிறகே தட்டுகளைக் குப்பையில் போடலாம். இத்தகைய ஆய்வுக்குத் தொடங்கும் முன்பே மேற்பார்வைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். செய்து முடித்துவிட்டுப் படிவம் நிரப்பினால் திட்டம் தகுதி இழக்கும். பிள்ளை மாதக்கணக்கில் உழைத்தது இந்த ஒரு காரணத்தால் வீணாவது எனக்குப் பொறுக்காது. வழிகாட்டும் ஆசிரியர்கள் விதிப் புத்தகத்தை முதல் நாளே படித்துவிட வேண்டும்.

"பதினைந்து வயதில் புற்றுநோய்க்குத் தீர்வு" போன்ற தலைப்புகளும் பிள்ளைகளை மிரட்டுகின்றன. 2012இல் ஐசெஃப் முதல் பரிசை வென்ற அமெரிக்க மாணவர் ஜாக் அண்ட்ராக்காவின் கணையப் புற்றுநோய்ச் சோதனை அப்படித்தான் பேசப்பட்டது. மருத்துவமனைகளில் வழக்கமான சோதனையாக அது வரவில்லை. அதனால் அவர் உழைப்பு குறைந்துவிடாது. ஏறக்குறைய 200 பேராசிரியர்களுக்கு எழுதி, ஒரே ஒருவரிடம் இடம் பெற்றவர் அவர். 2015இல் கூகுள் அறிவியல் போட்டியில் ஆல்சைமர் நோயை முன்கூட்டிக் கண்டறியும் ஆய்வுக்காகப் பரிசு பெற்ற இந்திய வம்சாவளி பிரிட்டன் மாணவர் கிர்தின் நித்தியானந்தமும் பள்ளிப் பையன்தான். போட்டியில் வெல்வது வேறு, மருத்துவப் பயன்பாட்டுக்கு வருவது வேறு. நம் பிள்ளைகள் முதலாவதற்குத்தான் போகிறார்கள்.

ஆய்வகம் தேவைப்பட்டால்? தம்போயிலிருந்து ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொலைவில் இல்லை. உதவி கேட்கும் கடிதத்தை அப்பா எழுதக் கூடாது, மாணவர் எழுத வேண்டும். உதவி பெறுவது தவறல்ல. யார் எதைச் செய்தார்கள் என்பதை மறைப்பதுதான் தவறு. நேர்காணலில் நடுவர் இரண்டு கேள்வி கேட்டாலே வேலை யாருடையது என்பது தெரிந்துவிடும்.

எஸ்பிஎம் தேர்வு நேரத்தில் இது வீண் வேலை என்பவர்களுக்கு: யூபியூ வழிப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. போட்டியில் பங்கேற்பு அதில் சேர்கிறது.

பதக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். கண்டுபிடிப்புக் கண்காட்சிகள் பலவற்றில் குறித்த புள்ளியைத் தொட்ட எல்லாருக்கும் தங்கம் உண்டு. கட்டணம் கட்டும் முன், நடுவர்கள் பிள்ளையிடம் நேரில் பேசுவார்களா, அவர்கள் யார் என்று கேளுங்கள்.

ஐசெஃபில் குழு என்றால் அதிகபட்சம் 3 பேர், ஆய்வுக் காலம் அதிகபட்சம் 12 மாதம். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தலைப்புத் தேடுவதை விட, படிவம் நான்கின் தொடக்கத்திலேயே அறிவியல் ஆசிரியரிடம் ஒரு கேள்வியோடு போவது நல்லது.