கட்டிங் மாஸ்டரின் நோட்டு

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றின் அலுவலகப் பொறுப்பில் பல வருடங்களாக இருக்கிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் கணக்கு முழுக்கக் கம்ப்யூட்டருக்கு மாறியது. அதோடு உற்பத்திக்கும் ஈஆர்பி மென்பொருள் போட்டோம். நான்கு மாதம் பதிவுகள் தவறாமல் ஏறின. ஆனாலும் ஒரு ஆர்டருக்குத் துணி போதுமா என்று தெரிய எல்லோரும் கட்டிங் மாஸ்டரிடம்தான் ஓடினோம்.

ஒருநாள் அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். நிட்டிங், டையிங் முடிந்து துணி கிலோவில் வருகிறது. சட்டை பீஸ் கணக்கில் போகிறது. இரண்டையும் இணைக்கும் கணக்கு அந்த நோட்டில்தான் இருந்தது: ஒவ்வொரு லேயின் (வெட்டுவதற்கு அடுக்கி விரித்த துணியின்) எடை, விழுந்த பீஸ், கட்டிங் வேஸ்ட், ஓட்டை என்று ஒதுக்கிய துணி. "இதெல்லாம் எழுத உங்க கம்ப்யூட்டர்ல எடமே இல்லீங்களே" என்றார். மென்பொருள் வாங்கும்போது அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தோம். கற்றுக்கொண்டவை இவை:

1. முதலில் பெயர்களை ஒன்றாக்குங்கள். ஒரே துணிக்கு ஸ்டோரில் ஒரு பெயர், கட்டிங்கில் ஒரு பெயர், பர்ச்சேஸில் இன்னொரு பெயர் இருந்தால் இருப்புக் கணக்கு என்றைக்கும் நேராகாது.

2. பதிகிறவருக்குப் பலன் இருக்கட்டும். வெட்டிய பீஸ் கட்டுகளோடு போகும் பண்டில் சீட்டு அன்றன்றைக்குப் பதிவானதால் டெய்லர்களின் பீஸ் ரேட் கணக்கு சனிக்கிழமை தகராறில்லாமல் முடிந்தது. அதன்பிறகு சீட்டை அவர்களே கேட்டு வாங்கினார்கள்.

3. ஒரு லைனில் மட்டும் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். நோட்டும் கூடவே இருக்கட்டும். வித்தியாசம் வந்தால் திட்டாமல் காரணம் கேளுங்கள். திட்டு வாங்கியவர் மறுநாள் பொய்க் கணக்கு ஏற்றுவார்.

4. முதலாளியும் திரையில்தான் பார்க்கவேண்டும். அவர் பழைய பேப்பர் ரிப்போர்ட்டைக் கேட்டால் ஆட்களும் பழைய வழிக்கே போவார்கள்.

முன்பு துணிப் பற்றாக்குறை பேக்கிங் நேரத்தில்தான் தெரியும். மறுபடி நிட்டிங், டையிங் என்று போய் வருவதற்குள் கப்பல் தேதி தப்பிவிடும். விமானத்தில் அனுப்பினால் அந்த ஆர்டரின் லாபம் போய்விடும். இப்போது முதல் லே வெட்டிய அன்றே தெரிகிறது. 2023 ஆகஸ்டில் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயமானபோது, பெயரும் எண்ணிக்கையும் ஏற்கெனவே சரியாக இருந்ததால் எங்களுக்குச் சிரமம் இல்லை.

மென்பொருளுக்கு விலை பேசுவதற்கு முன்னால், உங்கள் கம்பெனியில் அந்த நோட்டு யார் கையில் இருக்கிறது என்று தேடுங்கள்.