பாறைக்குள் வெப்பம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எண்ணெய்ப் பாறை ஏராளம். ஆனால், அதிலுள்ளது எண்ணெய் அன்று. கெரோஜன் என்னும் திடப்பொருள். பாறையை ஏறத்தாழ 350 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் அது எண்ணெயாகும். ஷெல் நிறுவனம் நிலத்தடியில் மின்சூடேற்றிகளை இறக்கிச் சோதித்தது. 2013இல் அம்முயற்சியைக் கைவிட்டது. அனல்மின் நிலையத்திலோ எரிபொருளின் வெப்பத்தில் பாதிக்குமேல் மின்சாரமாக மாறாமலே வீணாகிறது.

வேதிவினையின் வெப்பம் உதவுமா? சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதிக்கிறதே! ஆனால், சுண்ணாம்புக்கல்லைச் சுடுவதற்குச் சூளையில் 900 பாகை வெப்பம் வேண்டும். அதற்குச் செலவாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நீரூற்றும்போது திரும்பக் கிடைக்கிறது.

எரிபொருள் மின்கலம் இதனினும் மேலானது. வாயுவை எரிக்காமலே வினைப்படுத்தி, வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒருங்கே தருகிறது. கொலராடோ ஆய்வாளர்கள் இதைச் சோதித்துள்ளனர். தொடக்கத்தில் இயற்கை எரிவாயு தேவை. பின்னர், சூடான பாறை வெளிவிடும் வாயுவே போதும் என்பது அவர்கள் கணக்கு.