பின்பக்கத்துக் கேபிள்கள்: ஒலிப்பதிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்டுடியோவிலும் ஓபி வேனிலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, மைக் வைக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் நிறைய இருக்கிறார்கள். மிக்சருக்குப் பின்னால் குனிந்து அவுட்புட்களைக் காட்டிச் சொல்பவர்கள் குறைவு. நேயர் காதுக்குப் போவது அந்தப் பின்பக்கத்திலிருந்துதான். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1. எந்த அவுட்புட் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புரோகிராம், ஆக்ஸ், மானிட்டர், ஹெட்போன் என்று ஒரே மிக்சரில் பல இருக்கும். மானிட்டர் அவுட்புட்டை ஒளிபரப்புக்குக் கொடுத்துவிட்டால், அறைக்குள் யாராவது ஸ்பீக்கரைக் குறைத்ததும் ஒளிபரப்பிலும் குறையும். பல மிக்சர்களில் ஒரு மைக்கின் பிஎஃப்எல் (தனியாகக் கேட்கும்) பட்டனை அழுத்தினாலும் அந்த ஒரு மைக் மட்டும் ஊருக்கே கேட்கும்.

2. எக்ஸ்எல்ஆரில் பின் 1 ஷீல்டு, 2 ஹாட், 3 கோல்டு. ஆண் முனை அவுட்புட், பெண் முனை இன்புட். 3-ஐ ஹாட்டாக வைத்த பழைய கருவிகளும் உண்டு, மேனுவலைப் பாருங்கள். 2-உம் 3-உம் இடம் மாறினாலும் மீட்டர் ஆடும், ஒலி வரும், யாருக்கும் சந்தேகம் வராது. இடது பக்கம் சரியாகவும் வலது பக்கம் மாறியும் இருந்தால், ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவில் கேட்பவருக்குச் செய்தி வாசிப்பவரின் குரலே காணாமல் போகும். அதனால் மோனோ பட்டனை அழுத்திக் கேட்காமல் எந்த ஸ்டீரியோ ஃபீடையும் அனுப்பாதீர்கள்.

3. லேப்டாப்பின் சின்ன ஜாக்கிலிருந்து ஒற்றை எக்ஸ்எல்ஆருக்குப் போகும் கேபிளை நம்ப வேண்டாம். பல கேபிள்களில் இடது 2-க்கும் வலது 3-க்கும் போயிருக்கும். பேலன்ஸ்டு இன்புட் 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் பாடகர் குரல் அங்கேயே கழிந்துபோய், எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும் மட்டும் மிஞ்சும். டிஐ பாக்ஸ் இரண்டை வைத்து, இரண்டு சேனலாக எடுங்கள்.

4. லெவல். தொழில்முறைக் கருவியின் வழக்கமான அளவு +4 டிபியூ, சுமார் 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகள் −10 டிபிவி, சுமார் 0.32 வோல்ட். வித்தியாசம் ஏறக்குறைய 12 டெசிபல். இதைவிடப் பெரிய ஆபத்து, லைன் அவுட்புட்டைக் கேமராவின் மைக் இன்புட்டில் செருகுவது. கேமராவில் லைன், மைக், 48 வோல்ட் என்று சின்ன சுவிட்ச் இருக்கும். கேபிளைச் செருகும் முன் அதை லைனில் வையுங்கள். 48 வோல்ட் திரும்பிப் போனால் சில அவுட்புட்கள் தாங்காது.

5. டோன் அனுப்பாமல் எந்த லைனையும் ஒப்படைக்காதீர்கள். அமெரிக்க வழக்கப்படி +4 டிபியூ என்பது டிஜிட்டல் மீட்டரில் −20. ஐரோப்பிய வழக்கில் 0 டிபியூ என்பது −18. மறுமுனையில் இருப்பவர் எந்தக் கணக்கில் இருக்கிறார் என்று கேளுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் இரண்டு பக்கமும் சரியான இடத்தில் நின்ற பிறகு லெவல் திருகை யாரும் தொடக்கூடாது.

6. ஒரு அவுட்புட்டை இரண்டு மூன்று இன்புட்டுக்குப் பிரிக்கலாம். இரண்டு அவுட்புட்களை ஒரே கேபிளில் முறுக்கிச் சேர்ப்பது கூடவே கூடாது. ஒன்றை ஒன்று இழுத்து இரண்டுமே சிதையும். பத்திரிகையாளர் சந்திப்பில் இருபது கேமரா வந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பிரெஸ் பாக்ஸ் மேஜையில் இருக்க வேண்டும். ஒரு கேமராவின் பழுதான கேபிள் மற்றவர்களின் ஒலியைக் கெடுக்க அது விடாது.

7. பேலன்ஸ்டு அவுட்புட்டை அன்பேலன்ஸ்டு இன்புட்டுக்குக் கொண்டுபோகும்போது பின் 3-ஐ என்ன செய்வது? டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட் என்றால் 1-ஓடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஒலி மெலிந்துவிடும். சாதாரண எலக்ட்ரானிக் அவுட்புட்டில் 3-ஐச் சும்மா விடுங்கள். ஷார்ட் செய்தால் உள்ளே இருக்கும் ஐசி திணறும். எது எது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, மேனுவல்தான் சொல்லும்.

8. ஹம். மார்கழியில் சபாவின் மிக்சரிலிருந்து வேனுக்கு ஃபீடு வாங்கும்போது இது கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சபாவுக்கு ஒரு எர்த், வேனின் ஜெனரேட்டருக்கு இன்னொரு எர்த், நடுவில் ஷீல்டு இரண்டையும் சேர்க்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸ் தம்புரா ஒலிக்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே விழுவதால் கச்சேரி தொடங்கியபின் காது ஏமாறும். வித்வான்கள் மேடையேறும் முன்பே ஹெட்போனை மாட்டி, கெயினை ஏற்றிக் கேளுங்கள். மருந்து, லைனுக்கு நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பவர் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவரைப் பார்த்தால், அவர் எவ்வளவு சீனியராக இருந்தாலும் தடுத்துவிடுங்கள். மைக்கைக் கையில் பிடித்துப் பாடுபவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

9. டிஜிட்டல் ஏஇஎஸ்3 அவுட்புட்டும் அதே எக்ஸ்எல்ஆரில்தான் வரும். அதற்கு 110 ஓம் கேபிள் வேண்டும். அனலாக் இன்புட்டில் செருகிப் பயனில்லை. டிக் டிக் என்று சத்தம் வந்தால் முதலில் கருவிகளின் கிளாக் ஒத்திசைவைச் சந்தேகியுங்கள்.

10. ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

11. மீட்டர் ஆடுகிறது என்பதோடு நிற்காமல் மறுமுனைக்குப் போன் போடுங்கள். “வருதா?” என்று கேட்டால் “வருது” என்றுதான் பதில் வரும். “என்ன கேக்குது, எந்தப் பக்கம் கேக்குது, மீட்டர் எங்க நிக்குது?” என்று கேளுங்கள். இடது சேனலில் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, வலதில் நான்கு, ஐந்து, ஆறு எண்ணுங்கள். அவர் அதைச் சரியாகத் திருப்பிச் சொன்ன பிறகே டைரக்டரிடம் “ஆடியோ ரெடி” என்று சொல்லுங்கள்.