பெற்றோரின் விசுவாசமும் பிள்ளையின் உயிரும்

நோயுற்ற குழந்தைக்கு வைத்தியரை அழையாது, ஜெபமொன்றையே நம்பியிருந்த பெற்றோர், அக்குழந்தை இறந்துபடின் குற்றவாளிகளாவரோ? இவ்வினாவை இங்கிலாந்து தேசத்து நியாயஸ்தலங்கள் முப்பதாண்டளவு ஆராய்ந்து விடை கண்ட வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுந்தோம். வேதாகமத்தையும் விஞ்ஞானத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கற்கும் நம் மாணவர்க்கு இது புறம்பான பொருளன்று.

எஸ்ஸெக்ஸ் மாகாணத்து ராச்போர்டு என்னும் ஊரில் 1838-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பேன்யார்டு என்பவர் ஒரு சபையைத் தோற்றுவித்தார். அதனைச் சார்ந்தோர் 'பெக்யூலியர் பீப்பிள்' எனப்பட்டனர். ஆண்டவருக்குச் சொந்தமான ஜனம் என்பதே அப்பெயரின் வேதவழிப் பொருளாம். 'விந்தை மனிதர்' என இக்காலப் பொருளை ஏற்றி நகைத்தல் நேர்மையன்று. அவருட் பெரும்பாலார் உழைத்துண்ணும் எளியோர். நோயாளி சபையின் மூப்பரை வரவழைக்க வேண்டுமென்றும், அவர் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டுமென்றும் யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரம் கூறுவதை எழுத்துப் பிசகாது கைக்கொண்டு, மருந்தை நாடுதல் விசுவாசக் குறைவாகுமென எண்ணினர். அந்நிருபத்தில் மருந்தை விலக்கும் சொல் யாதொன்றும் இல்லை என்பது நம் கருத்து. பவுலடிகளுக்குப் பிரியமான லூக்கா வைத்தியரே யன்றோ?

1868-ஆம் ஆண்டில் அச்சபையைச் சார்ந்த வாக்ஸ்டாப் என்பார் மீது வழக்கு எழுந்தது. பதினான்கு மாதக் குழந்தை நுரையீரல் அழற்சியால் இறந்தது. பெற்றோர் இரவும் பகலும் பேணினர்; மூப்பர் எண்ணெய் பூசி ஜெபித்தனர்; வைத்தியர் மட்டும் வரவில்லை. மெய்யன்போடும் மெய்ந்நம்பிக்கையோடும் நடந்தாரிடத்துக் கொடிய அசட்டை உண்டெனல் ஒவ்வாதென ஜூரிமார் அவர்களை விடுவித்தனர்.

ஆயினும் அவ்வாண்டிலேயே பார்லிமெண்டு ஏழையர் சட்டத்தைத் திருத்தியது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உணவு, உடை, உறையுள் என்பவற்றோடு வைத்திய உதவியையும் பெற்றோர் வேண்டுமென்றே அளியாதுவிட்டு, அதனால் அதன் உடல்நலம் பெரிதுங் கெடின் அது குற்றமாயிற்று. சோற்றோடு மருந்தையும் ஒருங்கு வைத்தெண்ணிய இச்சட்டத்தின் துணைகொண்டே 1875-இல் டௌன்ஸ் வழக்கில் தந்தை குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

1899-ஆம் ஆண்டின் தீர்ப்புத் திரட்டில் வெளியான சீனியர் வழக்கே இவற்றுள் தலைசிறந்தது. அத்தந்தையும் அன்பிற் குறைந்தவரல்லர். ஓராண்டு நிரம்பாத தம் குழந்தைக்கு மருந்தொழிந்த அனைத்தும் செய்தவர். பிரதம நீதிபதி ரஸ்ஸல் பிரபு, வேண்டுமென்றே என்பதற்குத் தீய எண்ணத்தோடு என்று பொருளன்று, கைதவறியன்றி அறிந்தே செய்தல் என்பதே பொருள் என்றார். அசட்டை என்பதும் ஒரே அளவினதன்று. ஒரு தலைமுறையில் குற்றமாகத் தோன்றாதது மறுதலைமுறையிற் குற்றமாகலாம் எனவும் விளக்கினார்.

இவ்விளக்கமே நம் மனத்தைப் பெரிதுங் கவர்ந்தது. வைத்தியர் கையிலும் பிள்ளைகள் மாண்டனரே என அச்சபையார் வினவியிருப்பின், முற்காலத்தில் அதற்கு விடை கூறுதல் எளிதன்று. அட்டை விடுதலும் இரத்தம் வாங்குதலுமே வைத்தியமாயிருந்த காலமும் உண்டு. ஆனால் 1894 முதல் தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா நோய்க்கு நச்சுமுறிச் சீரம் பரவலாக வழங்கலாயிற்று. கைக்கெட்டிய மருந்தைத் தள்ளுதலும் இல்லாத மருந்தைத் தேடாதிருத்தலும் ஒன்றாகா.

விசுவாசத்தின் சுயாதீனம் யாதாகும் என்பார்க்கு ஒன்று கூறுவோம். வயதுவந்தவர் தம் நம்பிக்கைக்காகத் தம் உயிரையே கொடுக்கலாம். மழலை பேசாக் குழந்தை எந்த நம்பிக்கையைத் தெரிந்துகொண்டது? அமெரிக்க ஐக்கிய நாட்டுத் தலைமை நீதிமன்றம் 1944-இல், மருத்துவஞ் சாராத பிரின்ஸ் வழக்கிலே, பெற்றோர் தாம் இரத்தசாட்சிகளாகலாம், தெரிந்துகொள்ளும் வயதெய்தாப் பிள்ளைகளை அங்ஙனமாக்குதற்கு உரிமையிலர் என்னுங் கருத்தை வெளியிட்டது. பின்னெழுந்த மருத்துவ வழக்குகள் பலவும் அதனையே எடுத்தாண்டன.

எஸ்ஸெக்ஸ் சபையாரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உளது. 1910-இல் டிப்தீரியா பரவியபோது அவர்கள் இரு பிரிவாயினர். மருந்தை மறுத்தோர் 'பழையோர்' எனவும், தயங்கித் தயங்கியேனும் ஏற்றோர் 'புதியோர்' எனவும் வழங்கப்பட்டனர். 1930-களில் இருசாராரும் மீளவும் ஒன்றுகூடினர். பெரும்பாலும் நிலைத்தது புதியோர் கொள்கையே. எண்ணெய் பூசி ஜெபித்தலை அவர்கள் கைவிட வேண்டுமென எச்சட்டமும் கேட்டதில்லை.