வெயில் தாங்கும் கார் எது?

(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



ஆட்டோமொபைல் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து ஊரில் நம்மைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தம்பி, எந்தக் கார் வாங்கலாம்?" மைலேஜ் கேட்பார்கள், விலை கேட்பார்கள். வெயிலைத் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கத்திரி வெயிலில் வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி பக்கமெல்லாம் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் பழகிப்போன விஷயம். ராஜஸ்தானில் பலோடி என்ற ஊரில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. அதே ஆண்டு ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபாவில் 53.9 டிகிரி. இவை நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்து அளந்தவை. தார் ரோட்டில் நிற்கும் காருக்குக் கிடைக்கும் காற்று இதைவிடச் சூடானது.

ஆகவே வெயில் ஊரில் கார் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கார் தன் சூட்டை எப்படி வெளியே தள்ளுகிறது என்பதைத்தான்.

1. கொஞ்சம் கணக்கு

பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் தரும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. ஏறக்குறைய இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியாகப் போகிறது. மிச்சத்தின் பெரும்பகுதியை ரேடியேட்டர்தான் வெளியேற்ற வேண்டும்.

ரேடியேட்டர் எவ்வளவு சூட்டைத் தள்ளும் என்பது கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி, காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. அதே காற்று 45 டிகிரி ஆனால் வித்தியாசம் 50. 50-ஐ 70-ஆல் வகுத்தால் 0.71. அதாவது அதே ரேடியேட்டர், அதே ஃபேன், ஆனால் வேலை 71 சதவீதம்தான்!

இதோடு ஏ.சி. போட்டால்? பெரும்பாலான கார்களில் ஏ.சி. கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. காற்று முதலில் கண்டென்சரில் சூடாகி, பிறகுதான் ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே 10 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 40 ஆகிவிடும். ரேடியேட்டரின் திறன் 57 சதவீதம். வளைகுடா நாடுகளுக்கென்று தயாராகும் கார்களில் பெரிய ரேடியேட்டரும் வலுவான ஏ.சி.யும் வைப்பது இதனால்தான்.

2. நிற்கும்போதுதான் பரீட்சை

பைபாஸில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். சிக்னலிலும் ரயில்வே கேட்டிலும் நிற்கும்போது ஃபேன் மட்டும்தான் துணை. எனவே காலை ஆறு மணிக்குக் குளிர்ந்த காற்றில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து "வண்டி சூப்பர்" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. மதியம் ஒரு மணிக்கு வெயிலில் நிறுத்தி, பானெட்டை மூடி, ஏ.சி.யை முழுசா வைத்து, இருபது நிமிஷம் ஐடிலில் ஓட விட வேண்டும். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கணும். ஏ.சி. காற்றின் குளிர்ச்சி குறையக்கூடாது. இப்போது பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அந்த விளக்கு எரியும்போது காரியம் கெட ஆரம்பித்திருக்கும். முள் உள்ள வண்டி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஸ்கேனர் மாட்டி கூலன்ட் சூட்டைப் படிக்கலாம்.

3. பழைய கார் வாங்குபவருக்கு

என் சித்தப்பா டாக்ஸி ஓட்டப் பழைய கார் தேடிக்கொண்டிருக்கிறார். சேர்த்த பணம், சித்தியின் நகையை அடகு வைத்த பணம் எல்லாம் அதில் போகிறது. சூட்டில் ஹெட் வளைந்தால் ரிப்பேர் செலவு ஒரு பக்கம். வண்டி ஷெட்டில் நிற்கும் நாளெல்லாம் சவாரி இல்லை. தவணை மட்டும் நிற்காது. எங்க வீட்டில் காலேஜ் படி ஏறின முதல் ஆள் நான் என்பதால் "நீ பார்த்துச் சொல்லுடா" என்று பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். அவருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு இதுதான்.

அ) இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்க. தண்ணி துரு நிறமாக இருந்தால் கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணி ஊற்றி ஓட்டியிருக்கலாம். உள்ளே உப்பு படிந்து குழாய் அடைத்திருக்கும். மேலே எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகப்படணும்.

ஆ) மூடியின் ரப்பரைப் பாருங்க. மூடி சுமார் 1 பார் அழுத்தம் பிடித்தால் உள்ளே வெறும் தண்ணிகூட 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போய் அழுத்தம் கசிந்தால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். சின்ன சாமான்தான், ஆனால் இன்ஜினையே காப்பாற்றும்.

இ) தெர்மோஸ்டாட் இருக்கிறதா? "வெயில் ஊருக்கு அது எதுக்கு" என்று கழற்றிப் போடும் பழக்கம் உண்டு. இது தவறு. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசலும் பெட்ரோலும் வீணாகும், தேய்மானம் கூடும். ரேடியேட்டர் அடைப்பு என்ற உண்மையான கோளாறும் மறைந்துவிடும். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே மேல் ஹோஸ் பைப் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகிக்கொண்டே வந்தால், தெர்மோஸ்டாட் இல்லை அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

ஈ) ஹோஸ் பைப்பை அழுத்திப் பாருங்க. உப்பலோ வெடிப்போ இருக்கக்கூடாது. டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் பழைய ரப்பர் வெயிலில் வெடிக்கும்.

4. நிறமும் கண்ணாடியும்

கலர் விஷயம் வெறும் அழகு அல்ல. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரிக் கார்களில் கறுப்பையும் வெள்ளி நிறத்தையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். வெள்ளி நிறக் காரின் கூரை 25 டிகிரி வரையும், உள்காற்று 5 முதல் 6 டிகிரி வரையும் குறைவாக இருந்தது. வெள்ளை, வெள்ளி நிறமே நமக்கு ஏற்றது. கறுப்புக் கண்ணாடி ஆசை வேண்டாம். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பின் சீட்டுக்குத் தனி ஏ.சி. துவாரம் உள்ள கார் சவாரி ஓட்டுபவருக்கு நல்லது.

5. எலெக்ட்ரிக் கார்

இன்ஜின் இல்லையே, சூட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கக்கூடாது. அமெரிக்காவில் கொளுத்தும் வெயில் ஊரான பீனிக்ஸில் 2012-இல் நிசான் லீஃப் வைத்திருந்த பலர் பேட்டரியின் கொள்ளளவு சீக்கிரம் குறைகிறது என்று புகார் செய்தார்கள். அந்த பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. எனவே ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி: "பேட்டரிக்கு லிக்விட் கூலிங் இருக்கா?"

6. எந்தக் காரும் தாங்காத ஒன்று

மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் சூடு ஏறிவிடும். அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. விலை உயர்ந்த கார், மலிவான கார் என்ற வித்தியாசமும் இதில் இல்லை. "ரெண்டே நிமிஷம், கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று குழந்தையை உள்ளே விட்டுப் போகவே கூடாது. இதை நம் வீட்டில், தெருவில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

நண்பர்களே! நாம் வகுப்பில் படிக்கும் வெப்பப் பொறியியல் பரீட்சைக்கு மட்டுமல்ல. கடன் வாங்கிக் கார் எடுக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று, உச்சி வெயிலில் இருபது நிமிஷம் முள்ளைப் பார்த்துச் சொல்ல நம்மால் முடியும். படித்த படிப்பு அங்கேதான் பயன்படும்!