அட்டை ஊரில், பசி டெல்லியில்

பீகாரிலிருந்து டெல்லிக்குக் கட்டட வேலைக்குப் போன ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ரேஷன் அட்டை ஊரில் பாட்டியிடம் இருந்தது. டெல்லியில் தினக்கூலி கிடைத்தது. கடையில் கோதுமை மாவு வாங்கிச் சாப்பிட்டார்கள். அட்டையை யார் நினைத்தார்கள்?

2020 மார்ச் 25. கொரோனா நோய் பரவாமல் தடுக்க நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. வேலை நின்றது. கூலியும் நின்றது. சில நாளில் கைக்காசு தீர்ந்தது.

அரசிடம் தானியம் இல்லையா? இருந்தது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் மூட்டை மூட்டையாக இருந்தது. மறுநாளே மத்திய அரசு ஓர் அறிவிப்பு செய்தது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைகளுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி அல்லது கோதுமை இலவசம். வழக்கமான பங்குக்கு மேல் இது. குடும்பத்துக்கு 1 கிலோ பருப்பும் உண்டு. சுமார் 80 கோடிப் பேருக்கு இந்த உதவி. பெரிய உதவிதான்.

ஆனால் டெல்லியில் பீகார் அட்டை அப்போது செல்லாது. அவர்கள் பங்கு ஊர்க் கடையில் இருந்தது. பசி இங்கே இருந்தது. பள்ளிக்கூடங்களில் சமைத்த சாப்பாடு போட்டார்கள். அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். பல நகரங்களில் தொழிலாளர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஊருக்குப் புறப்பட்டார்கள். நோய்ப் பயம் மட்டுமா? அடுத்த வேளைச் சாப்பாட்டுக் கவலையும்தான்.

அட்டை இல்லாத வெளியூர்த் தொழிலாளருக்கும் ஆளுக்கு 5 கிலோ தருவதாக மே மாதம் அறிவித்தார்கள். அதற்குள் பலர் ஊர் போய்விட்டார்கள். இது மார்ச்சிலேயே வந்திருக்க வேண்டும்.

'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' என்ற திட்டம் 2019இல் சில மாநிலங்களில் தொடங்கியது. டெல்லிக்கு 2021 ஜூலையில் வந்தது. எல்லா மாநிலங்களும் சேர்ந்து முடிய 2022 ஜூன் ஆனது. கூடுதல் 5 கிலோ 2022 டிசம்பரோடு நின்றது. வழக்கமான பங்குக்கு 2023 ஜனவரி முதல் காசு இல்லை.

இப்போது அந்தக் குடும்பம் டெல்லிக் கடையிலேயே தானியம் வாங்கலாம். புது அட்டை தேவையில்லை. அட்டை எண்ணோ ஆதார் எண்ணோ சொல்ல வேண்டும். கருவியில் விரல் வைக்க வேண்டும். தங்கள் பங்கை மட்டும் இங்கே வாங்கிக்கொண்டு, பாட்டியின் பங்கை ஊரில் விட்டுவைக்கலாம்.

வெளியூர் போகும் முன் உங்கள் அட்டையை எடுத்துப் படித்துப் பாருங்கள். எல்லார் பெயரும் இருக்கிறதா? கடைசியாகப் பிறந்த பிள்ளையின் பெயர்?